மைனஸ் மைனஸ் பிளஸ்: கூட்டலில் இது ஏன் செல்லாது

−3 − 5 எவ்வளவு? ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். "எட்டு" என்று சட்டென்று ஒரு பதில் வர நிறையவே வாய்ப்பு உண்டு. எப்படி வந்தது என்று கேட்டால், மைனஸும் மைனஸும் பிளஸ், மூணும் அஞ்சும் எட்டு, அவ்வளவுதானே என்பார்கள். பிள்ளையை விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அப்பாவே சில சமயம் அதைத்தான் சொல்வார், ஏனென்றால் அவருடைய காலத்திலும் அந்த ஒரு வரியைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

விடை −8.

அந்த வரி முழுப் பொய் இல்லை. அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. (−3) × (−5) என்றால் 15 தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த இடத்துக்கு உரியது என்ற பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியை மட்டும் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டோம். கூட்டல் கழித்தலில் அதைக் கொண்டுவந்து வைத்தால் சில நேரம் தற்செயலாகச் சரியான விடை வரும், பல நேரம் வராது. தற்செயலாகச் சரியாக வருவதுதான் இதில் மோசமான விஷயம், பிள்ளைக்கு அந்த வரிமேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போகும்.

இந்தக் கட்டுரையில் பெருக்கலுக்குப் போகப்போவதில்லை. கூட்டலும் கழித்தலும் மட்டும்.

எந்த எண்களைப் பற்றிப் பேசுகிறோம்

0, 1, 2, 3 என்று போகும் எண்களுக்கு முழு எண்கள் என்று பெயர். அவற்றோடு −1, −2, −3 என்று பூச்சியத்துக்கு மறுபக்கம் போகும் எண்களையும் சேர்த்துக்கொண்டால் கிடைக்கும் மொத்தக் கூட்டத்துக்கு முழுக்கள் என்று பெயர். பூச்சியத்தைவிடப் பெரியவை மிகை முழுக்கள், சிறியவை குறை முழுக்கள். (இலங்கையில் படித்தவர்கள் நேர், மறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பூச்சியம் இரண்டு கட்சியிலும் இல்லை. பின்னம், தசமம் எதுவும் இங்கே கிடையாது.

மிகை முழுவுக்கு முன்னால் + போடலாம், போடாமலும் விடலாம். 5 என்றாலும் +5 என்றாலும் ஒன்றுதான். குறை முழுவுக்கு − கட்டாயம். பெயரளவில் இவ்வளவு போதும்.

நீட் விடைத்தாளைக் கையில் எடுங்கள்

குறை எண்ணுக்குக் கடனை உதாரணம் காட்டுவது வழக்கம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கடன் என்ன தெரியும்? நெகட்டிவ் மார்க் தெரியும். அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுப் பையனோ நீட் எழுதியிருப்பார்கள், வீட்டில் நாள் முழுக்க அதே பேச்சாக இருந்திருக்கும். அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய சண்டை, அதற்குள் இப்போது போக வேண்டாம். அதன் மதிப்பெண் முறை மட்டும் நமக்குப் போதும்: சரியான விடைக்கு +4, தப்பான விடைக்கு −1, தொடாமல் விட்டால் 0. கணக்கில் சேரும் கேள்விகள் 180, அதனால் அதிகபட்சம் 720. எல்லாமே தப்பு என்றால் −180.

கூட்டல் என்பது இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்ததை ஒன்றாகச் சேர்ப்பது. வேறு எந்த மர்மமும் இல்லை.

முதலில் ஒரே குறியுள்ள இரண்டைச் சேர்ப்போம். இரண்டு கேள்வி சரி: (+4) + (+4) = +8. இரண்டு கேள்வி தப்பு: (−1) + (−1) = −2. இரண்டு தப்பு செய்தவருக்கு மைனஸும் மைனஸும் பிளஸ் என்று சொல்லி யாராவது +2 போடுவார்களா? போட்டால் எல்லோரும் தப்பாகவே எழுதிவிட்டு வந்துவிடலாம். தப்போடு தப்பு சேர்ந்தால் தப்பு கூடும். குறையோடு குறை சேர்ந்தால் குறை கூடும். இயற்பியலில் −3, வேதியியலில் −5 என்று ஒருவர் வாங்கினால் இரண்டும் சேர்ந்து −8. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே வந்துவிட்டது. ஆனால் அதில் கூட்டல் குறி இல்லையே, கழித்தல் குறி அல்லவா இருந்தது என்று யாராவது கேட்டால் நல்ல கேள்வி, பின்னால் வருகிறேன்.

அடுத்து, குறி வேறுவேறாக இருந்தால். ஒரு சரி, மூன்று தப்பு: (+4) + (−3). ஒவ்வொரு தப்பும் ஒரு மதிப்பெண்ணைத் தின்கிறது, மூன்று போனால் மிச்சம் +1. ஒரு சரி, ஏழு தப்பு: (+4) + (−7). நான்கு தப்பு நான்கு மதிப்பெண்ணையும் தின்று தீர்த்துவிட்டது, இன்னும் மூன்று தப்பு தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கிறது. ஆகவே −3. ஒரு சரி, நான்கு தப்பு: (+4) + (−4) = 0. அந்த ஐந்து கேள்விகளையும் தொடாமலே விட்டவருக்கும் இதே 0 தான், மண்டையை உடைத்துக்கொண்ட நேரம் மட்டும் வீண்.

+4, −4 மாதிரி சேர்ந்தால் பூச்சியமாகிவிடும் ஜோடியில் ஒன்றுக்கு மற்றொன்று எதிரெண். பாடப்புத்தகத்தில் இதைக் கூட்டல் நேர்மாறு என்பார்கள். 7-க்கு எதிரெண் −7. −7-க்கு எதிரெண் 7. 0-க்கு அதுவேதான். இந்த எதிரெண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கழித்தல் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இதே இடத்தில் இன்னொரு அரைகுறை விதியும் உலவுகிறது: "பெரிய எண்ணோட குறியைப் போடு." −7, 4 இரண்டில் பெரிய எண் எது? 4 தான். −7 வாங்கியவரைவிட 4 வாங்கியவர் மேலே இருப்பார், −8 வாங்கியவரைவிட −3 வாங்கியவர் மேலே இருப்பார், எனவே −8 என்பது −3-ஐவிடச் சிறியது. அப்படியிருக்க 4-இன் குறியைப் போட்டால் +3 என்று தப்பாகத்தானே வரும்? விதியைச் சொன்னவர் மனதில் நினைத்தது வேறு: குறியை மறைத்துவிட்டுப் பார்த்தால் எது பெரியது என்பது. பூச்சியத்திலிருந்து ஓர் எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற அந்த அளவுக்கு மட்டு மதிப்பு என்று பெயர். −7-இன் மட்டு மதிப்பு 7, 4-இன் மட்டு மதிப்பு 4. மட்டு மதிப்பு எதற்குப் பெரியதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும், அதன் குறிதான் விடைக்கு.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: குறி ஒன்றாக இருந்தால் அளவுகளைக் கூட்டி அதே குறியைப் போடுங்கள், குறி வேறாக இருந்தால் ஒன்றை ஒன்று தின்னவிட்டு மிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கூட்டலில் இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆகும் இடம் ஒன்றுகூட இல்லை.

கழித்தல்: கொடுத்ததைத் திரும்ப எடுப்பது

சேர்ப்பது கூட்டல் என்றால், சேர்த்ததிலிருந்து ஒன்றை நீக்குவது கழித்தல். +4-ஐ நீக்கினால் மதிப்பெண் குறையும், இது யாருக்கும் புரியும். −1-ஐ நீக்கினால்? உங்களுக்குத் தப்பு என்று போட்டிருந்த ஒரு −1-ஐ, கேள்வியே சரியில்லை என்று சொல்லி அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒன்று கூடும். மொத்தம் 10 இருந்தால் 10 − (−1) = 11. கழித்திருக்கிறோம், ஆனால் எண் பெரிதாகிவிட்டது. கழித்தால் எப்போதும் குறையும் என்ற நம்பிக்கை மிகை எண்கள் மட்டும் இருந்த காலத்துப் பழக்கம், ஐந்தாம் வகுப்போடு அது முடிந்துவிட வேண்டும்.

இதில் பிளஸ் எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். இரண்டு மைனஸ் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால் வரவில்லை. நீக்குவது என்ற செயல் ஒன்று, நீக்கப்படும் பொருள் குறையாக இருப்பது ஒன்று. கெட்டதை எடுத்துவிட்டார்கள், அதனால் நல்லதானது.

கற்பனைக் கணக்கு வேண்டாம், நாடே பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2024 மே 5 அன்று நடந்த நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணு பற்றிய ஒரு கேள்வி. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் படித்தவர்கள் ஒரு விடையையும், புதியதைப் படித்தவர்கள் இன்னொரு விடையையும் எழுதியிருந்தார்கள். தேர்வு நடத்திய தேசியத் தேர்வு முகமை இரண்டையும் சரி என்று ஏற்று இரு தரப்புக்கும் +4 கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் கருத்துக் கேட்டார்கள், அவர்கள் ஒரே ஒரு விடைதான் சரி என்றார்கள். ஜூலை மாதம் மதிப்பெண்கள் திருத்தப்பட்டன. மற்ற விடையை எழுதியிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 மதிப்பெண் போனது.

ஏன் 5? கொடுத்தது 4 தானே, அதைத் திரும்ப எடுத்தால் 4 தானே போக வேண்டும் என்று அப்போது குழம்பியவர்கள் உண்டு. நடந்தது இரண்டு வேலை. சரி என்று கொடுத்த +4-ஐ நீக்கினார்கள், அது − (+4). அப்புறம் தப்பு என்று ஆகிவிட்டதால் −1-ஐச் சேர்த்தார்கள், அது + (−1).

720 − (+4) + (−1) = 715

இதே திருத்தம் எதிர்த் திசையில் நடந்திருந்தால், அதாவது தப்பு என்று போட்டிருந்த ஒன்று சரி என்று ஆகியிருந்தால், − (−1) + (+4), மொத்தம் ஐந்து கூடியிருக்கும். ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது 720-க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். கருணை மதிப்பெண்கள் ரத்தானதில் ஆறு பேர் குறைந்து 61. இந்த ஒரு கேள்வியால் அதில் 44 பேர் இறங்க, கடைசியில் நின்றது 17 பேர்.

அந்தக் கருணை மதிப்பெண் கதையும் முழுக்கள் கணக்குதான். முடிவு வந்த அன்றே 719, 718 என்று சிலருடைய மதிப்பெண் இணையத்தில் சுற்றியது, பார்த்தவர்கள் இது நடக்கவே முடியாது என்று கொதித்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? 720-இலிருந்து கீழே வாருங்கள். ஒரு கேள்வியை விட்டால் +4 போய் 716. ஒரு கேள்வி தப்பென்றால் +4 போய், −1-உம் சேர்ந்து 715. இரண்டை விட்டால் 712, ஒன்றை விட்டு ஒன்று தப்பென்றால் 711, இரண்டும் தப்பென்றால் 710. 720-க்கும் 716-க்கும் நடுவில் நிற்க இடமே இல்லை. சில மையங்களில் தேர்வு நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தோம், அதனால்தான் அப்படி வந்தது என்று முகமை பிறகு விளக்கம் சொன்னது. அந்த மதிப்பெண்களும் ரத்தாகி, ஜூன் 23 அன்று அவர்களுக்கு மறுதேர்வு வைத்தார்கள். ஆறாம் வகுப்புக் கூட்டல் கழித்தலை வைத்தே ஒரு மதிப்பெண் பட்டியலில் ஏதோ இடிக்கிறது என்று ஊரே கண்டுபிடித்தது, இதை ஏன் எந்த வகுப்பிலும் உதாரணமாகச் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இல்லாததை எப்படி நீக்குவது

இங்கேதான் யோசிக்கிற பிள்ளை ஒரு முட்டுக்கட்டை போடும். விடைத்தாளில் தப்பே இல்லாதபோது −3-ஐ எப்படி நீக்க முடியும்? 2 − (−3) என்றால் கையில் இருப்பது வெறும் 2 தானே, அதில் −3 எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. பதில் எதிரெண்களில் இருக்கிறது. +3-உம் −3-உம் சேர்ந்தால் 0. ஓர் எண்ணோடு 0-ஐச் சேர்த்தால் அது மாறாது. ஆகவே 2 என்று எழுதியிருக்கும் இடத்தில் 2 + (+3) + (−3) என்று எழுதிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை, மதிப்பு அதே 2. இப்போது நீக்குவதற்கு ஒரு −3 கிடைத்துவிட்டது. அதை எடுத்துவிடுங்கள். மிச்சம் 2 + (+3), அதாவது 5.

அதே வேலையை 2 − (+5)-க்கும் செய்யலாம். 2-இல் 5 இல்லை, சரி, 2 + (+5) + (−5) என்று எழுதுங்கள். +5-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 2 + (−5) = −3.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றேதான். எதை நீக்கச் சொன்னார்களோ அதை ஜோடியாகக் கொண்டுவந்தோம், ஜோடியில் ஒன்றை நீக்கினோம், அதன் எதிரெண் மிச்சமாக நின்றது. அதனால் ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணைக் கூட்டுவதும் ஒன்று. −3-ஐக் கழிப்பது +3-ஐக் கூட்டுவது. +5-ஐக் கழிப்பது −5-ஐக் கூட்டுவது. கழித்தலுக்கென்று தனியாக விதி எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கூட்டலாக மாற்றிவிட்டு மேலே படித்த கூட்டலைச் செய்தால் போதும்.

நிறுத்தி ஒருமுறை மூச்சு விடுவோம். கூட்டல் என்றால் சேர்ப்பது. கழித்தல் என்றால் எதிரெண்ணைச் சேர்ப்பது. "மைனஸ் மைனஸ் பிளஸ்" தற்செயலாகச் சரியாக வரும் இடம் இதுதான்: − (−3), ஒரு குறை எண்ணைக் கழிக்கும் இடம். அங்கே மட்டும்.

ஒரே கோடு, இரண்டு வேலை

இப்போது −3 − 5-க்கு வருவோம். இதில் இரண்டு கோடுகள் தெரிகின்றன, பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, ஆனால் வேலை வேறு. முதல் கோடு 3-ஓடு ஒட்டிக்கொண்டு, இது குறை எண் என்று சொல்கிறது, பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் மாதிரி. இரண்டாவது கோடு, கழி என்று ஒரு வேலை சொல்கிறது. அந்த 5-க்கு முன்னால் வேறு குறி இல்லை, எனவே அது +5. ஆக, கேட்டிருப்பது (−3) − (+5). +5-ஐக் கழிப்பது −5-ஐச் சேர்ப்பது, (−3) + (−5), விடை −8. இரண்டு மைனஸ் கண்ணில் பட்டவுடனே அவற்றைச் சேர்த்துப் பிளஸ் ஆக்கிவிடும் பிள்ளை, ஒன்று அடையாளம், ஒன்று கட்டளை என்பதைக் கவனிக்கவே இல்லை.

இந்தக் குழப்பம் குறியின் வரலாற்றிலேயே இருக்கிறது. + − குறிகள் முதன்முதலாக அச்சில் வந்தது 1489-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோகன்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்குப் புத்தகத்தில். அதில் அவை பெரும்பாலும் சரக்கு அளவுக்கு மேல் இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்று காட்டும் அடையாளங்கள். கூட்டு, கழி என்ற கட்டளைகளாக அவை நிலைபெற்றது அதற்கப்புறம். ஒரே கோட்டுக்கு இரண்டு உத்தியோகம், இன்றுவரை ராஜினாமா இல்லை.

கால்குலேட்டர் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொறியியல் மாணவர்கள் வைத்திருக்கும் அறிவியல் கால்குலேட்டரைப் பாருங்கள், கழிப்பதற்கு ஒரு பட்டனும், அடைப்புக்குள் கோடு போட்டு (−) என்று தனியாக இன்னொரு பட்டனும் இருக்கும். இரண்டாவது, எண்ணைக் குறை எண்ணாக்குவதற்கு. நோட்டில் எழுதும்போது நமக்கு இரண்டு பட்டன் கிடையாது, அதனால் அடைப்புக்குறி போட்டுப் பழக வேண்டும். −3 − 5 என்று பார்த்தவுடன் பென்சிலால் (−3) + (−5) என்று கீழே எழுதச் சொல்லுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

எண்கோட்டில் பார்த்தால்

ஒரு நேர்கோடு, நடுவில் 0, வலப்பக்கம் 1, 2, 3, இடப்பக்கம் −1, −2, −3. இது எண்கோடு. வலப்பக்கம் போகப் போக எண் பெரிதாகும், இடப்பக்கம் போகப் போகச் சிறிதாகும். மிகை எண்ணைக் கூட்டினால் அத்தனை கட்டம் வலம் நகர வேண்டும், குறை எண்ணைக் கூட்டினால் இடம். கழித்தலுக்கு எதிரெண்ணைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். சில புத்தகங்களில் கழித்தலுக்குத் திரும்பி நில், குறை எண்ணுக்குப் பின்னால் நட என்றெல்லாம் ஒரு பொம்மையை ஆட்டுவிப்பார்கள். பிள்ளைக்கு எண்ணும் மறந்துவிடும், பொம்மை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் மறந்துவிடும்.

எண்கோட்டில் உண்மையான லாபம் வேறு இடத்தில். கழித்தலுக்கு நீக்குவது என்பதைத் தவிர இன்னொரு அர்த்தமும் உண்டு, வித்தியாசம். தொட்டபெட்டா சிகரம் கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரம். கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயல்களில் நெல் விளைவிக்கிறார்கள், ஒரு வயல் 2 மீட்டர் கீழே என்று வைத்துக்கொண்டால் அதன் உயரம் −2. இரண்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? 2637 − (−2). கடல் மட்டம் வரை 2,637 மீட்டர் இறங்கி, இன்னும் 2 இறங்கினால்தான் வயலில் கால் வைக்க முடியும். 2,639. இங்கே எதையும் நீக்கவில்லை, விடைத்தாளும் இல்லை, ஆனாலும் அதே விடைதான்.

பொதுவாகச் சொன்னால், அ − ஆ என்பது ஆ-விலிருந்து அ-வுக்குப் போக எத்தனை கட்டம், எந்தப் பக்கம் என்று கேட்பது. இதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 3 − (−5): −5-இலிருந்து 3-க்கு எட்டுக் கட்டம் வலம், +8. −3 − 5: 5-இலிருந்து −3-க்கு எட்டுக் கட்டம்தான், ஆனால் இடம், −8. −3 − (−5): −5-இலிருந்து −3-க்கு இரண்டு கட்டம் வலம், +2. −5 − (−3) என்று திருப்பிப் போட்டால் அதே இரண்டு கட்டம் இடம், −2. முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூரம் ஒன்றே, திசை மட்டும் வேறு. "எட்டு" என்று சொன்ன பிள்ளை தூரத்தைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது, திசையில்தான் கோட்டை விட்டது.

பிரம்மகுப்தர் பிரித்துத்தான் சொன்னார்

கி.பி. 628-இல், இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மால் ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரம்மகுப்தர் இந்த விதிகளை எழுதிவைத்தார். மிகை எண்ணை அவர் தனம் என்றார், குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றார். எனக்குப் பிடிக்காத அதே உதாரணம்தான், என்ன செய்வது, அவர் முந்திக்கொண்டார். தனமும் தனமும் சேர்ந்தால் தனம், கடனும் கடனும் சேர்ந்தால் கடன், தனமும் கடனும் சேர்ந்தால் இரண்டின் வித்தியாசம், சமமாக இருந்தால் பூச்சியம். இது கூட்டல். கழிக்கும்போது கடன் தனமாகும், தனம் கடனாகும் என்று அடுத்துச் சொல்கிறார். பெருக்கல் அதற்கப்புறம்தான் வருகிறது, கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்று. மூன்றையும் அவர் தனித்தனியாக வைத்தார். நாம்தான் மூன்றாவதை மட்டும் உருவி எடுத்து எல்லாவற்றுக்கும் பூசிவிட்டோம்.

அவருக்கு முன்பே சீனாவில் குச்சிகளை வைத்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 263-இல் லியு ஹுய் என்பவர் எழுதிய உரையில் சிவப்புக் குச்சி மிகைக்கு, கறுப்புக் குச்சி குறைக்கு என்று வருகிறது. ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும், நம் +1, −1 ஜோடி மாதிரியேதான். இன்றைய வங்கிக் கணக்கில் சிவப்பு என்றால் நட்டம், அன்று நேர்மாறு.

ஐரோப்பாவில் இது எளிதில் செல்லுபடியாகவில்லை. 1758-இல்கூட இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேர்ஸ் என்ற கணித ஆர்வலர் குறை எண்களைக் கணக்கிலிருந்து விரட்ட வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக எது இருக்க முடியும் என்று அக்காலப் படித்தவர்களே திணறியிருக்கிறார்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் திணறினால் தலையில் குட்டாதீர்கள்.

நீளமான கணக்குகள்

கழித்தலைக் கூட்டலாக மாற்றுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, வகுப்பில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கூட்டலில் எண்களை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றலாம், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றுதான். கழித்தலில் அது செல்லாது. 10 − 4 − 3 என்பதைப் பார்த்துவிட்டு முதலில் 4 − 3 = 1 என்று போட்டு, 10 − 1 = 9 என்று முடிக்கும் பிள்ளைகள் உண்டு. சரியான விடை 3. ஆனால் 10 + (−4) + (−3) என்று மாற்றி எழுதிவிட்டால் பின்னால் இருக்கும் இரண்டையும் முதலில் சேர்த்தாலும் −7 தான் வரும், 10 + (−7) = 3. இடறவே வாய்ப்பில்லை.

−12 + 7 − (−9) − 4 என்று ஒன்று கொடுத்தால் பயப்பட வேண்டாம். முதல் வேலை, எல்லாக் கழித்தலையும் கூட்டலாக்குவது: (−12) + 7 + 9 + (−4). இரண்டாவது வேலை, மிகைகளை ஒரு பக்கம், குறைகளை ஒரு பக்கம் ஒதுக்குவது: 16, −16. விடை 0.

கடைசியாக ஒரு விடைத்தாள். ஒரு மாணவிக்கு 130 சரி, 38 தப்பு, 12 கேள்விகளைத் தொடவில்லை. 520 + (−38) = 482. விடைக்குறிப்பைத் திருத்துகிறார்கள், அவருடைய தப்புகளில் இரண்டு சரியாகிவிடுகின்றன, சரிகளில் ஒன்று தப்பாகிவிடுகிறது. தப்பு சரியான ஒவ்வொன்றுக்கும் − (−1) + (+4), அதாவது +5, இரண்டுக்கும் +10. சரி தப்பானதற்கு − (+4) + (−1), அதாவது −5. 482 + 10 + (−5) = 487. நம்பிக்கை வரவில்லை என்றால் விடைத்தாளை முதலிலிருந்து எண்ணுங்கள்: இப்போது 131 சரி, 37 தப்பு, 524 + (−37), அதே 487.